அறுபது ரூவா ஜிமிக்கி

மொதல்லயே சொல்லிடறேன், இது திட்டுற பதிவு. யாரைத் திட்டப் போறேன்னா, முதல்ல என்னை. அப்புறம் என்னை மாதிரியே ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு வந்து, ஞாயித்துக்கிழமை உக்காந்து கையால எதையாவது செஞ்சு சந்தோஷப்படற உங்க எல்லாரையும். குரோஷா பின்றவங்க, குவில்லிங் பேப்பர் சுத்தறவங்க, தஞ்சாவூர் ஓவியத்துக்குக் கல்லு ஒட்டறவங்க, வீட்டுலயே சோப்பு காய்ச்சறவங்க... வாங்க, வரிசையா உக்காருங்க. கோவம் வந்தா பின்னூட்டத்துல வச்சுக்கலாம்.

போன ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில முறத்துல ஜிமிக்கி காய வச்சிருந்தேன். சுடுமண் ஜிமிக்கி. இன்னும் சுடலை, வெறும் பச்சை மண்ணுதான். துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா குனிஞ்சு பாத்துட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டாங்க.

"ஏம்மா, இவ்ளோ அம்சமா பண்ற. சும்மா சும்மா எல்லாருக்கும் எடுத்துக் குடுத்துகினு இருக்கியே, வித்தா என்னா?"

இந்தக் கேள்வியை இதுவரைக்கும் ஒரு நூறு பேராவது கேட்டிருப்பாங்க. ரங்கமணி மாசத்துக்கு ஒரு தடவை கேப்பார். "ஒரு இன்ஸ்டாகிராம் பேஜ் ஆரம்பி, நான் போட்டோ எடுத்துத் தரேன்"னு ரொம்ப ஆர்வமா சொல்வார். (அவர் எடுக்கற போட்டோவுல என் தலையே பாதிதான் இருக்கும், அது வேற விஷயம்.) கூட வேலை செய்யறவங்க கேப்பாங்க. மாமியார் கேப்பாங்க. ஒருத்தர் மேல அன்பைக் காட்டணும்னா "நீ இதை விக்கலாமே"ன்னு சொல்றது நம்ம ஊர்ல ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. ஒருத்தி நல்லா சமைச்சா மெஸ் வைக்கணும், நல்லா கோலம் போட்டா கிளாஸ் எடுக்கணும், நல்லா பாடினா யூட்யூப்ல போடணும். சும்மா இருந்து சந்தோஷமா ஒரு காரியம் செய்யறதை யாராலயும் பாத்துகிட்டு இருக்க முடியலை.

ஆனா நான் விக்காததுக்குக் காரணம் அது இல்லை. நான் ஒரு தடவை வித்திருக்கேன். அதைச் சொல்லத்தான் இப்போ கொசுவத்தி சுத்தப் போறேன்.

எங்க ஊர் நோணாங்குப்பம். புதுச்சேரியிலேர்ந்து கடலூர் போற ரோட்டுல, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டி வரும். வெளியூர்க்காரங்களுக்கு எங்க ஊர்னா சுண்ணாம்பாறு படகுத்துறை மட்டும்தான். காரை நிறுத்துவாங்க, படகு ஏறி பாரடைஸ் பீச் போவாங்க, நனைஞ்சு வருவாங்க, சுண்டல் வாங்கித் தின்னுட்டுக் கெளம்பிடுவாங்க. நான் மண்ணு வேலைய ஆரம்பிச்சதே அந்த ஆத்தங்கரையிலதான். ஒரு விடுமுறை நாள் கரையிலேர்ந்து ஒரு பை மண்ணை அள்ளிட்டு வந்து, யூட்யூப் பாத்து உருட்டி, ரெண்டே நாள் காய வச்சு, பழைய இரும்புச் சட்டியில உமி போட்டு மூட்டினேன். பட் பட்னு தீபாவளி மாதிரி ஒரு சத்தம். திறந்து பாத்தா ஒண்ணு கூட உருப்படியா இல்லை. உள்ளே ஈரம் இருக்கும்போதே சூட்டை ஏத்தினா அந்த ஈரம் ஆவியாகி மண்ணைப் பொளந்துடும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நிழல்ல நாலஞ்சு நாள் காயணும், தீயை மொதல்ல லேசா காட்டணும், பொறவுதான் முழு சூடு. மண்ணும் அந்த மண்ணு இல்லை. வில்லியனூர் பக்கம் போய் வேலைக்குப் பதமான மண்ணை வாங்கிட்டு வந்தேன். கல்லு, வேர் எல்லாம் போக அரிச்சு, மிதிச்சு, பிசைஞ்சு வச்ச மண்ணு. வெண்ணெய் மாதிரி இருந்துச்சு. அந்த மண்ணை யார் மிதிச்சாங்கன்னு அன்னைக்கு நான் யோசிக்கவே இல்லை. ரெண்டு கிலோவை உருண்டையா பைல போட்டுக் குடுத்தாங்க, ஸ்கூட்டியில வச்சுட்டு வந்துட்டேன்.

ஒரு வருஷத்துல கை தேறிடுச்சு. ஜிமிக்கி, வளையம், பெண்டன்ட், எல்லாம். உமியை மூடி போட்டு மூச்சு முட்ட எரிய விட்டா சிவப்பா வர வேண்டிய மண்ணு கறுப்பா வரும், அந்த வித்தை எல்லாம் பழகினேன். நம்ம கையால செஞ்ச ஒண்ணை சூளைச் சாம்பல்லேர்ந்து எடுத்து, ஊதி, நகத்தால தட்டி, "ணங்"னு சத்தம் கேட்டா வர்ற சந்தோஷம் இருக்கே... அதை மண்ணைத் தொட்டவங்களுக்குத்தான் சொல்ல முடியும்.

2018ல ஒரு கைவினைக் கண்காட்சி. எங்க, யார் நடத்தினதுன்னு வேணாம். தோழிங்க ஏத்தி விட்டாங்க, ஸ்டால் போட்டேன். ரெண்டு நாள். ஒரு ஜோடி என்ன விலை வைக்கலாம்னு யோசிச்சேன். ஒரு ஜோடிக்கு மண்ணு, பெயின்ட், கொக்கி, முத்து எல்லாம் சேத்து 22 ரூபாய் ஆகுது. அறுபதுன்னு வச்சா கிட்டத்தட்ட மூணு மடங்கு! நான் என்னமோ பெரிய கார்ப்பரேட் கொள்ளைக்காரி மாதிரி எனக்கே கூச்சமா இருந்துச்சு.

பக்கத்து ஸ்டால்ல ஒரு அம்மா. அம்பது வயசு இருக்கும். மண்ணு வேலையே குடும்பத் தொழில். அகல், பிள்ளையார், சின்னச் சின்னக் குதிரை, தொங்க விடற மணி, கூடவே ஒரு தட்டு ஜிமிக்கி. ஜிமிக்கி ஜோடி நூத்தி அம்பது. என் கடைக்கு வந்து ஒரு ஜிமிக்கியை எடுத்து, திருப்பிப் பாத்து, காது கிட்ட வச்சு நகத்தால தட்டினாங்க.

"நல்லா வெந்திருக்கு பாப்பா. எங்க வாங்கி விக்கற?"

"வாங்கலைக்கா, நானே செஞ்சது."

எனக்கு அப்படியே தலை கால் புரியலை. தொழில்காரங்க வாயால "நல்லா வெந்திருக்கு"! இதை விட என்ன அவார்டு வேணும்.

"எவ்ளோக்குக் குடுக்கற?"

"அறுபதுக்கா."

கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "ஒரு ஜோடிக்கு எத்தினி நேரம் ஆவுது?"

"அதெல்லாம் பாக்கறதில்லக்கா. பாட்டு போட்டுகினு உக்காந்தா டைமே தெரியாது."

அவங்க ஜிமிக்கியைக் கீழ வச்சுட்டுப் போய்ட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலம் கூட்டம். என் கடையில அள்ளிட்டுப் போனாங்க. என் கடையில வாங்கினவங்க அடுத்த ஸ்டாலுக்குப் போய், "அங்க அறுபதுக்குத் தராங்க, நீங்க மட்டும் என்ன நூத்தி அம்பது?"ன்னு கேட்டது என் காதுலயே விழுந்துச்சு. ஒருத்தர் இல்லை, ஏழெட்டு பேர். ரெண்டாம் நாள் மத்தியானம் அவங்க அட்டையில 150ஐ அடிச்சுட்டு 80ன்னு எழுதினாங்க. அதுக்கும் பேரம் பேசினாங்க நம்ம ஜனங்க. கடையைக் கட்டும்போது நான் மெதுவா போய் சாரி கேக்கற மாதிரி ஏதோ உளறினேன்.

"உம்மேல ஒண்ணும் கோவம் இல்ல பாப்பா. நீ நாளைக்கு ஆபீசு போய்டுவ. நான் நாளைக்கும் இதையேதான விக்கணும். என்னா வெலைன்னு சொல்றது, சொல்லு?"

எனக்குப் பதில் தெரியலை.

அன்னைக்கு ராத்திரி ஒரு காரியம் செஞ்சேன், அதை நீங்களும் ஒரு தடவை செஞ்சு பாக்கணும்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன். பேப்பர் பேனா எடுத்துக் கணக்கு போட்டேன். வித்தது 41 ஜோடி. 2460 ரூபாய். பொருள் செலவு 902. ஸ்டால் வாடகை 500. ஆட்டோ 300. கையில நின்னது 758 ரூபாய். ரங்கமணி கிட்ட காட்டி "பாத்தீங்களா லாபம்"னு சொல்லிருக்கலாம். ஆனா அந்த அம்மா கேட்ட கேள்வி காதுல நின்னுச்சு. ஒரு ஜோடிக்கு உருட்டறது, தேய்க்கறது, சுடறது, ரெண்டு கோட் பெயின்ட், கோக்கறது, எல்லாம் சேத்து ரெண்டு மணி நேரம்னு வைங்க. 41 ஜோடிக்கு 82 மணி. ஸ்டால்ல உக்காந்தது 16 மணி. ஆக மொத்தம் 98 மணி நேரம். 758ஐ 98ஆல வகுத்துப் பாருங்க. மணிக்கு எட்டு ரூபாய் கூட இல்லை.

நாள் பூரா வேலை செஞ்சா அறுவத்தி ரெண்டு ரூபாய். இந்தக் கூலிக்கு நான் யாரையாவது வீட்டு வேலைக்குக் கூப்பிட்டிருந்தா என்னைத் துடைப்பத்தால அடிச்சிருப்பாங்க. அடிக்கவும் வேணும். ஆனா எனக்கு நானே குடுத்துக்கிட்டா அது "ஹாபி", அது "பேஷன்". எப்படி முடிஞ்சுது? ஏன்னா ஒண்ணாந்தேதி ஆனா என் அக்கவுண்ட்ல சம்பளம் வந்துடும். அந்தச் சம்பளம் என் ஜிமிக்கிக்கு மானியம். அரசாங்கம் கூட இப்படி ஒரு மானியம் குடுக்காது. மானியத்தோட நான் போட்டிக்கு இறங்கினது யார் கிட்ட? மண்ணைத் தவிர வேற வருமானம் இல்லாத ஒரு பொம்பளை கிட்ட.

சிவகாசி பட்டாசுக்கு சைனா பட்டாசு எமன்னு எழுதறோம். சின்ன மளிகைக் கடையை ஆன்லைன் கம்பெனிங்க நஷ்டத்துக்கு வித்து அழிக்கறாங்கன்னு பொங்கறோம். நஷ்டத்துக்கு வித்து விலையை உடைக்கறதுன்னா இதுதான்யா அது! நான் செஞ்சதும் அதேதான். அவங்க கோடியில செய்யறதை நான் ஞாயித்துக்கிழமையில செஞ்சேன்.

அந்த அம்மாவோட நூத்தி அம்பதுல என்னென்ன அடக்கம்னு பாருங்க. மண்ணுக்குக் காசு, அதை ஏத்தி வர்ற வண்டிக்குக் காசு. அரிக்கறது, மிதிக்கறது. சூளைக்கு விறகு, வைக்கோல். பிரிக்கும்போது வெடிச்சுப் போன உருப்படி. மழைக்காலம் இருக்கே, அது தனிக்கதை. ஐப்பசி, கார்த்திகைல இந்தப் பக்கம் வானம் பொத்துக்கிட்டு ஊத்தும். மண்ணு காயாது, சூளை போட முடியாது. ஆனா கார்த்திகை தீபத்துக்கு அகல் விளக்கு வேணும்னு ஊரே கேக்கறதும் அதே மாசத்துலதான். ஆவணியில பிள்ளையார், புரட்டாசியில கொலு பொம்மை, கார்த்திகையில அகல், தையில பானை. வருஷத்துல இந்த நாலு வரத்தை வச்சுத்தான் மிச்ச மாசம் ஓடணும். எனக்கு மழை வந்தா "ஐ, ஜாலி, இந்த வாரம் லீவு"ன்னு முறத்தை உள்ள எடுத்து வச்சுட்டு பஜ்ஜி போடலாம்.

வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக் கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கு. வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020ல பத்மஸ்ரீ அறிவிச்சப்போ நம்ம ஊர் வாட்ஸப் குரூப் எல்லாத்துலயும் பெருமை பொங்கி வழிஞ்சுது, நானும்தான் பார்வேர்ட் பண்ணேன். பண்ண அதே கைதான் அறுபதுன்னு அட்டையில எழுதின கை.

இந்த விஷயம் புதுசும் இல்லை. காந்தி தலைமை வகிச்ச ஒரே காங்கிரஸ் மாநாடு 1924 டிசம்பர்ல பெல்காம்ல நடந்துச்சு. உறுப்பினரா இருக்கணும்னா மாசம் 2000 கஜம் கையால நூத்த நூல் குடுக்கணும்னு அந்தச் சமயத்துல விதி வச்சாங்க. வக்கீலு, டாக்டரு எல்லாம் ராட்டையைச் சுத்தினாங்க. அது நம்மள மாதிரி கேஸ்தான், சோத்துக்கு ராட்டையை நம்பாதவங்க. அவங்க நூத்த நூலைக் குடுக்கணும், அவ்ளோதான். சந்தையில கடை போட்டு உக்காரலை. (அடுத்த வருஷமே அந்த விதியைத் தளர்த்திட்டாங்க. வக்கீலுங்களுக்குக் கை வலிச்சிருக்கும் போல.) ஆனா வயித்துப் பாட்டுக்கு நூத்த கிராமத்துப் பொம்பளைங்க கதை வேற. 1935ல காந்தி, கதர் நூக்கறவங்களுக்குக் கூலி பத்தாது, எட்டு மணி நேர வேலைக்கு எட்டணாவாவது வரணும்னு பிடிச்சுக்கிட்டார். கூலியை ஏத்தினா கதர் விலை ஏறும், எவனும் வாங்க மாட்டான்னு கூட இருந்தவங்களே பயந்தாங்க. அவர் கேட்ட அளவுக்கு வரலை, ஆனா அகில இந்திய நூற்போர் சங்கம் கூலியை ஏத்திச்சு. சும்மா நூக்கறவன் கணக்கு வேற, சோத்துக்கு நூக்கறவ கணக்கு வேறங்கறது அந்தக் கிழவருக்குத் தெளிவா தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் ரெண்டும் "ஹேண்ட்மேட்"னு ஒரே ஹேஷ்டேக்.

இப்போ நீங்க கேக்கப் போறது எனக்குத் தெரியும். "அப்போ வீட்டுல இருக்கற பொம்பளைங்க நாலு காசு சம்பாதிக்கக் கூடாதா? நீ வேலைக்குப் போறவ, பேசுவ."

நியாயமான கேள்வி. எனக்கு ஒரு தோழி இருக்கா, குரோஷா பை பின்றா. வீட்டுக்காரர் வேலை போனதுலேர்ந்து புள்ளையோட ஸ்கூல் பீஸ் அந்தப் பையிலதான் ஓடுது. ஒரு பைக்கு ரெண்டு நாள். எழுநூறு ரூபாய்க்கு விக்கறா. அவளை நான் ஒரு வார்த்தை சொல்லுவேனா? அவ தொழில்காரி, ஜாதி முத்திரை இல்லாத தொழில்காரி. நான் பேசறதே அவளுக்காகவும்தான். ஏன்னா அவ பையை எடுத்துப் பாத்துட்டு, "எங்க அபார்ட்மென்ட்ல ஒரு ஆன்ட்டி டைம் பாஸுக்குப் பின்னி முன்னூறுக்குத் தராங்களே"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. அந்த ஆன்ட்டிக்கு நூல் காசு வந்தாலே சந்தோஷம். என் தோழிக்கு அந்த முன்னூறு, ஒரு மாசத்து ஸ்கூல் வேன் காசு.

இன்னொரு கோஷ்டி, "அச்சுல ஊத்தற பொருளும் பிளாஸ்டிக்கும்தான் குயவருக்கு எதிரி, எங்க நாலு ஜிமிக்கியா எதிரி?"ன்னு கேக்கும். பெரிய எதிரி அதுதான், ஒத்துக்கறேன். ஆனா பிளாஸ்டிக் வாங்கறவன் கைவினைக் கண்காட்சிக்கே வர மாட்டான். மண்ணுதான் வேணும், கையால செஞ்சதுதான் வேணும்னு பஸ் ஏறி வர்ற கொஞ்ச நஞ்ச ஆளுங்க இருக்காங்க பாருங்க, அவங்களைத்தான் நாம வாசல்லயே மடக்கிடறோம்.

"சரி, நூத்தி அம்பதுக்கே வித்துட்டா?" செய்யுங்க. மணிக்கணக்கு போட்டு, உங்க ஊர்ல ஒரு கொத்தனாருக்கு சித்தாளா போனா என்ன கூலி வருமோ அதையாவது உங்களுக்குப் போட்டு, விலை வைங்க. அப்பவும் அவங்க வியாபாரத்துல ஒரு பங்கு உங்க கிட்ட வரத்தான் செய்யும், இல்லேன்னு மழுப்ப மாட்டேன். ஆனா வாங்க வந்தவன் மனசுல "மண்ணு ஜிமிக்கின்னா அறுபது"ன்னு ஆணி அடிச்சுட்டுப் போக மாட்டீங்க. எனக்கு அந்த விலைக்கு விக்க இஷ்டமில்லை, வருமானம் வேற இருக்கு, அதனால நான் விக்கறதையே விட்டுட்டேன். கோயிலுக்கு, அனாதை இல்லத்துக்குன்னு நிதி திரட்ட ஸ்டால் போடறவங்களும் கொஞ்சம் கேளுங்க: புண்ணியத்துக்குப் போனாலும் அட்டையில எழுதற விலை விலைதான்.

அப்போ செஞ்சதை எல்லாம் என்ன பண்றது? குடுங்க! வளைகாப்புக்குக் குடுங்க, கொலுவுக்கு வர்றவங்களுக்கு வெத்தலை பாக்கோட குடுங்க, பஸ்ல பக்கத்துல உக்காந்து "நல்லா இருக்கே"ன்னு சொன்ன பொண்ணுக்குக் கழட்டிக் குடுங்க. (ஒரு தடவை செஞ்சிருக்கேன். அப்புறம் ஆபீஸ் பூரா வெறுங்காதோட சுத்தினேன், ஹி ஹி.) சும்மா குடுத்தா மட்டும் வியாபாரம் கெடாதான்னு ஒரு புத்திசாலி தம்பி கேட்டான். கெடுமோ என்னமோ, கொஞ்சம் கெடலாம். ஆனா இதுவரைக்கும் எந்தக் கடையிலயும் போய், "எங்க சித்தி சும்மா குடுத்தாங்களே, நீ ஏன் காசு கேக்கற"ன்னு யாரும் பேரம் பேசி நான் பாக்கலை. சித்தி குடுத்தது விலைக்குள்ள வராது. அறுபதுக்கு வித்தது வந்துடும்.

அதை விட முக்கியமா, கத்துக் குடுங்க. இதுல நம்ம ஆளுங்க பண்ற அலம்பல் இருக்கே! எந்தப் பசைன்னு கேட்டா சிரிப்பாங்க. எந்த மண்ணுன்னு கேட்டா "அது நம்ம டிரேட் சீக்ரெட்"னு கண்ணடிப்பாங்க. தொழில்காரங்க ரகசியம் வச்சா அது அவங்க வயித்துப்பாடு, அர்த்தம் இருக்கு. பொழுதுபோக்குக்காரனுக்கு எதுக்குய்யா ரகசியம்? என்கிட்ட மண்ணு உருட்டக் கத்துக்கிட்டவங்கள்ல பாதிப் பேர் ஒரு மாசத்துல விட்டுட்டாங்க. ஆனா ஒருத்தர் கூட அதுக்கப்புறம் மண்ணு சாமான் கடையில பேரம் பேசினதில்லை. ஒரு மணி நேரம் முதுகு வலிக்க உருட்டி, கடைசியில கோணலா வந்ததைக் கையில வச்சுப் பாத்தவங்களுக்கு நூத்தி அம்பது ரூபாய் எவ்ளோ கம்மின்னு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எனக்கே அது அரிக்கமேட்டுலதான் உறைச்சுது. எங்க ஊர்லேர்ந்து ஸ்கூட்டியில போற தூரம்தான், அரியாங்குப்பம் வழியா காக்காயன்தோப்பு, ஆத்தோரம். ஜுவோ துப்ராய் 1937ல கண்டுக்கிட்டு, 1945ல மார்ட்டிமர் வீலர் தோண்டி, அப்புறம் கசால், 1989லேர்ந்து 92 வரை விமலா பெக்லின்னு எத்தனையோ பேர் வந்து போன இடம். ரோமாபுரி, மதுச்சாடின்னு ஸ்கூல்ல படிச்சதுதான் ஞாபகம் இருக்கும். ஆனா அங்க செஞ்சதுல எனக்குப் பெருசா படறது கண்ணாடிப் பாசிமணி. மிளகை விடச் சின்ன மணி. அமெரிக்க ஆராய்ச்சியாளர் பீட்டர் பிரான்சிஸ் இந்த ரக மணிக்கு 'இந்தோ பசிபிக் மணி'ன்னு பேரு வச்சார். கிழக்கு ஆப்பிரிக்காவுலேர்ந்து கொரியா, ஜப்பான் வரைக்கும் இந்த ரகம் கிடைச்சிருக்கு.

அதை எப்படி செய்வாங்கன்னு தெரியுமா? ஆந்திராவுல காளஹஸ்தி பக்கம் பாப்பாநாயுடுபேட்டைங்கற ஊர்ல அதே முறை நம்ம காலம் வரைக்கும் வந்திருக்கு, அதை வச்சுத்தான் சொல்றாங்க. உருகின கண்ணாடியை ஒரு நீள இரும்புக் குழாய் நுனியில பெரிய உருண்டையா சுத்தி எடுப்பாங்க. உருண்டைக்கு நடுவுல ஓட்டை. அதை உலைக்குள்ள வச்சு, எதிர்ப்பக்கம் ஒருத்தர் கொக்கியால நுனியைப் பிடிச்சு இழுக்க ஆரம்பிப்பார். ஓட்டையோட கூடவே கண்ணாடி மெல்லிசு குழலா வந்துகிட்டே இருக்கும், மணிக்கணக்கா. நிறுத்தக் கூடாது. அந்தக் குழலைத் துண்டு துண்டா நறுக்கி, ஓட்டை அடையாம இருக்க சாம்பலோட கலந்து, மறுபடி சூடு காட்டி முனையை மழுக்கினா, மணி. ஒரு மணியில இத்தனை பேர் கை. சின்ன வயசுல மழை பெஞ்சு விட்டா அங்க மணி தட்டுப்படும்னு பெரியவங்க பேசறதைக் கேட்டிருக்கேன். அப்போ அது வெறும் கலர் உருண்டை. (இப்போ பொறுக்கக் கிளம்பிடாதீங்க, தொல்லியல் துறைப் பாதுகாப்புல இருக்கற இடம்.) நான் நாலு வருஷம் மண்ணுல ஓட்டை போட்டு, பாதி உடைஞ்சு, கண்ணு வலிச்சதுக்கு அப்புறம் புதுச்சேரி மியூசியத்துல அந்த மணியைப் பாத்தப்போதான் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாடி பேச்சு வராம நின்னேன். இன்னைக்கு எங்க ஊர் ஆத்தங்கரையில அந்த மணியைச் செய்யத் தெரிஞ்ச ஒரு ஆள் கிடையாது.

வண்டிப்பாளையம், பண்ருட்டி பக்கம் கொலு பொம்மை செய்யறவங்க, வில்லியனூர் சூளைக்காரங்க, திருக்கனூர் பொம்மைக்காரங்க எல்லாம் இன்னைக்கும் இருக்காங்க. நம்மள மாதிரி ஞாயித்துக்கிழமைக் குயவர்கள் அவங்களுக்கு நல்ல வாடிக்கையாளரா இருக்கலாம், வாய் வார்த்தையா விளம்பரம் பண்ணலாம், கத்துக்கப் போற மாணவரா காசு குடுத்துப் போய் உக்காரலாம். அறுபது ரூபா அட்டையோட பக்கத்து ஸ்டால்ல மட்டும் போய் உக்காராதீங்க. நான் குடுக்கற டப்பாவுல இப்பல்லாம் ஒரு துண்டுச் சீட்டு வைக்கறேன்: "மண்ணு வில்லியனூர். இது மாதிரி வேணும்னா அங்க போய் வாங்குங்க, என்னை விட நல்லா செய்வாங்க." கடைசி வரி எழுதக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யுது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு வருவோம். இவ்ளோ கதையையும் மாடியில நின்னுகினே சொன்னேன். துணியைத் தோள்ல போட்டுகினு முழுசா கேட்டாங்க. "அதான, அந்தம்மா பாவம்"னாங்க. அடுத்த நிமிஷமே, "அப்போ எனக்கு ஒரு ஜோடி சும்மாதான?"ன்னு கேட்டாங்க. குடுத்துட்டேன். அவங்க பொண்ணு எட்டாவது படிக்குது, பின்னாடியே வந்து முறத்தையே பாத்துகினு நின்னுச்சு. ஒரு உருண்டை மண்ணைக் கையில குடுத்தேன். ரெண்டு மணி நேரம் எழுந்திருக்கலை, போனைக் கூட எடுக்கலை. நேத்து சூளையைப் பிரிச்சப்போ ரெண்டு ஜிமிக்கியும் உடையாம வந்திருந்துச்சு. ஒண்ணு நெல்லிக்காய் சைஸு, இன்னொண்ணு எலுமிச்சம்பழம். ரெண்டையும் மாட்டிகினு தலையை ஒரு பக்கமா சாய்ச்சுகினே தெருவுல போவுது.

பி.கு: வர்ற கொலுவுக்கு அக்காவும் நானும் வில்லியனூர் போறதா பேசிருக்கோம். பேரம் பேசக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். அக்கா பத்து ரூபாயாவது குறைக்காம வர மாட்டாங்கன்னு ரங்கமணி பந்தயம் கட்டிருக்கார். என்ன ஆச்சுன்னு வந்து சொல்றேன்.